பூக்கட்டும் கைகளில் திரும்பத் திரும்ப வரும் கரப்பான் நோய்

கேள்வி: திருமங்கலம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருபது வருடங்களுக்கு மேலாகப் பூக்கட்டி வருகிறேன். வயது 42. மல்லிகை, முல்லை, கனகாம்பரம், கதம்பம், கோயிலுக்குச் செவ்வந்தி மாலை என்று வியாபாரி கொண்டுவந்து போடுவதை எல்லாம் கட்டிக் கொடுப்பேன். மூன்று வருடங்களாக இரண்டு கைகளிலும் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் நுனிகளில் தோல் காய்ந்து வெடிக்கிறது. சில சமயம் பொடிப்பொடியாக நீர்க்கொப்புளங்கள் வந்து நீர் வடிகிறது. அரிப்பு மணிக்கட்டு வரை ஏறுகிறது. இரண்டு முறை கண்ணிமைகளும் வீங்கின. போன ஆயுத பூஜைக்குப் பிறகும் தைப்பொங்கலுக்குப் பிறகும் மிகவும் அதிகமாக இருந்தது. மருந்துக் கடையில் வாங்கும் களிம்பைப் போட்டால் நான்கைந்து நாளில் அடங்கிவிடுகிறது. நிறுத்தினால் முன்பைவிட அதிகமாக வருகிறது. ஊசி போட்டுக்கொண்டால் பத்துப் பதினைந்து நாள் கை சுத்தமாக இருக்கிறது. கத்தரிக்காய், கருவாடு, பூண்டு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். வெந்நீரில் உப்புப் போட்டுக் கழுவுகிறேன். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசுகிறேன். ரத்தத்தில் அலர்ஜி டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள். அதற்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகுமாம். பூக்கட்டுவதையே விட்டுவிட வேண்டுமா? என் கையைப் பார்த்துப் பூ வாங்கத் தயங்குகிறார்கள். என்னோடு சேர்ந்து கட்டும் என் மகளுக்கும் இது ஒட்டிக்கொள்ளுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பூக்கட்டும் தொழிலை விட்டுவிட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இன்றைய நிலையில் வேண்டாம் என்பதே என் பதில். நீங்கள் விட வேண்டியது தொழிலையா, அல்லது அந்தத் தொழிலில் கைக்கு வரும் ஒன்றிரண்டு பூக்களை மட்டுமா என்று தெரிந்துகொள்ளாமல், இருபது ஆண்டுக் கைப்பழக்கத்தையும் அதன் வருமானத்தையும் கைவிடுவது சரியல்ல. கடிதத்தைப் படித்து ஒருவருடைய நோயை உறுதி செய்ய முடியாது; கையை நேரில் பார்த்தே ஆக வேண்டும். ஆயினும் நீங்கள் எழுதியிருக்கும் விவரங்கள் ஒரு திசையைத் தெளிவாகவே காட்டுகின்றன. கையில் படும் ஏதோ ஒரு பொருளுக்கு உங்கள் உடல் ஒவ்வாமை கொண்டிருக்க வேண்டும். அந்தப் பொருள் எதுவென்று மூன்று ஆண்டுகளாக யாரும் தேடவில்லை. தேடாமல் களிம்பாலும் ஊசியாலும் அடக்கிக்கொண்டே வந்ததால்தான் அது அடங்குவதும் கிளம்புவதுமாக இருக்கிறது.

இருபது வருடமாகத் தொடும் பூ இப்போது ஏன் ஒத்துக்கொள்ளாமல் போக வேண்டும் என்ற எண்ணம் உங்களுக்கும் வந்திருக்கும். இந்த நோயுடன் வருகிறவர்களில் பெரும்பாலோர் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். தொடு ஒவ்வாமை முதல் நாள் தொட்டதும் வருவதில்லை. தோலுக்குள் ஊடுருவும் பொருளை நம் உடலின் டி வகை வெள்ளையணுக்கள் பகையாக அடையாளம் கண்டுகொள்ளக் குறைந்தது பத்துப் பன்னிரண்டு நாட்கள் ஆகும். பலருக்கு அது நிகழப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஈரத்திலும் சோப்பிலும் கை நாள்தோறும் ஊறி, தோலின் மேலடுக்கு நைந்துபோன ஒரு கட்டத்தில், அதுவரை உள்ளே நுழைய முடியாதிருந்த பொருள் நுழைகிறது. அப்போதுதான் இந்த அடையாளம் பதிகிறது. பதிந்துவிட்டால் அநேகமாக ஆயுள் முழுவதும் நிற்கும். ஆகவே நீண்ட காலம் ஒத்துக்கொண்ட பொருள் என்ற காரணத்துக்காக எதையும் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடக் கூடாது.

இன்னொன்றும் உங்களைக் குழப்பியிருக்கிறது. இந்த ஒவ்வாமை தாமதமாக வரும் வகையைச் சேர்ந்தது. கடலை தின்றதும் உதடு வீங்குவதைப் போல, தேனீ கொட்டியதும் உடல் தடிப்பதைப் போல உடனே வருவதில்லை; பொருள் தோலில் பட்டு ஒரு நாள் முதல் மூன்று நாட்கள் கழித்தே அரிப்பும் கொப்புளமும் தலைகாட்டும். கை அரிக்கத் தொடங்கிய அன்று காலையில் என்ன தொட்டோம், என்ன சாப்பிட்டோம் என்று யோசிப்பவர்கள் இதனாலேயே தவறான பொருளைக் குற்றம் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கருவாட்டுக் குழம்பு வைத்திருப்பீர்கள், திங்கட்கிழமை கை அரித்திருக்கும்; உண்மையில் வெள்ளி, சனியில் கைக்கு வந்த பூவை அல்லவா நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்!

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்ட முதல் குறிப்பு, நோய் அதிகமான காலம். ஆயுத பூஜையும் தைப்பொங்கலும் செவ்வந்தி குவியும் நாட்கள். கடைக்கும் வண்டிக்கும் இயந்திரத்துக்கும் போடுகிற மாலைகள் பெரும்பாலும் செவ்வந்தி மாலைகளே. மல்லிகையை மட்டும் கட்டும் கோடை நாட்களைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. அந்த நாட்களில் கை எப்படி இருந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். இரண்டாவது குறிப்பு, கண்ணிமை வீங்கியது. உடலிலேயே மிக மெல்லிய தோல் அங்கேதான் இருக்கிறது; கையில் ஒட்டிய பொருள், முகத்தைத் துடைக்கும்போது இமைக்குப் போய்ச் சேர்ந்தாலும், காற்றில் தூசியாகப் பறந்து வந்து படிந்தாலும், விரலின் தடித்த தோலைவிட இமை விரைவாகச் சிவந்து வீங்கும். மூன்றாவது குறிப்பு, பூவைப் பிடித்து முடிச்சிடும் விரல்களின் நுனிகள் இரண்டு கைகளிலும் பாதிக்கப்பட்டிருப்பது. பூண்டு உரிப்பதால் வரும் ஒவ்வாமையும் விரல்நுனிகளையே பிடிக்கும் என்றாலும், வலது கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு அது பூண்டைப் பிடித்திருக்கும் இடது கை விரல்களில்தான் பெரும்பாலும் காணப்படும்.

செவ்வந்தியை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ள முடியாது. அதன் உறவு பெரியது. கதம்பத்தில் வைத்துக் கட்டும் மரிக்கொழுந்து, மாலைக்கு வரும் செண்டுப்பூ, சூரியகாந்தி, காலி மனைகளிலும் கண்மாய்க் கரைகளிலும் வெள்ளைப் பூவோடு அடர்ந்து கிடக்கும் பார்த்தீனியம், அறுவாள் பட்டால் சாறு பிழிந்து விடுகிறோமே அந்த வெட்டுக்காயப் பூண்டு ஆகிய அனைத்தும் ஒரே தாவரக் குடும்பம். இவற்றின் இலையிலும் தண்டிலும் பூவிலும் செஸ்குயிடெர்பீன் லாக்டோன் என்னும் வகையைச் சேர்ந்த வேதிப்பொருட்கள் உள்ளன. இவற்றில் ஒன்றுக்கு ஒவ்வாமை ஏற்பட்ட உடல், மற்றவற்றையும் அதே பொருளாக எடுத்துக்கொள்ளக் கூடும். 1950-களின் நடுவில் பூனா பகுதியில் முதலில் கண்டறியப்பட்டு, பிறகு நாடெங்கும் பரவிய பார்த்தீனியம், நம் நாட்டில் செடிகளால் வரும் தோல் ஒவ்வாமைக்கு மிக முக்கியமான காரணம். ஆகவே வயல்வேலையிலோ வீட்டைச் சுற்றியோ பார்த்தீனியத்தைத் தொட்டு உண்டான ஒவ்வாமை, செவ்வந்தி மாலை கட்டும்போது வெளிப்படுவதும் நடக்கக் கூடியதே. காய்ந்த செடியும் ஆகாது. அதன் தூசி காற்றில் வந்து முகத்திலும் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் படியும்.

மல்லிகைக்கு ஒவ்வாமை வரவே வராது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பூத்தொழிலில் இருப்பவர்களின் கைகளைப் பார்க்கும் தோல் மருத்துவர் முதலில் சந்தேகிப்பது செவ்வந்திக் குடும்பத்தைத்தான். இவை தவிர அரளியின் பால் தோலை எரிக்கும். மல்லிகை மொட்டுப் புழுவுக்காக அடிக்கப்படும் பூச்சிமருந்தின் மிச்சமும் தோலை உறுத்தக் கூடும். நனைத்த வாழைநாரை மணிக்கணக்காகக் கையாளுவதால் விரல் ஊறிப்போவதும் தனிக் கேடு. நாள் ஒன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கை ஈரத்தில் இருந்தால் அதுவே தோல் அழற்சிக்குப் போதுமான காரணம் என்று தொழில்சார் தோல் மருத்துவத்தில் வைத்திருக்கிறோம். பூக்கட்டுவதும் பாத்திரம் கழுவுவதும் துணி துவைப்பதும் சேர்ந்தால் உங்களுக்கு அந்த அளவு அன்றாடம் தாண்டிவிடும். உங்கள் கையில் இரண்டும் சேர்ந்தே இருக்கலாம் என்பது என் எண்ணம்: ஈரத்தால் நைந்த தோல், அதற்கு மேல் ஒவ்வாமை.

அடுத்து அந்தக் களிம்பு. இதைப் பற்றி எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. சீட்டு இல்லாமல் நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் அரிப்புக் களிம்புகள் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு, நுண்ணுயிர்க் கொல்லி, பூஞ்சைக் கொல்லி என்று மூன்று நான்கு மருந்துகளைக் கலந்திருக்கிறார்கள். ஸ்டீராய்டு அழற்சியை அடக்குவதால் நான்கு நாளில் கை ஆறியது போலத் தெரியும். ஒவ்வாமையை உண்டாக்கும் பொருள் தொடர்ந்து படுவதால், களிம்பை நிறுத்தியதும் திரும்ப வரும். இப்படி மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து மேலும் எளிதில் வெடிக்கும். இமையில் போட்டால் கண்ணின் அழுத்தம் கூடிப் பார்வைக்கே ஊறு நேரலாம். உங்கள் கையில் இருப்பது படர்தாமரையைப் போன்ற பூஞ்சைத் தொற்றாக இருக்குமானால் ஸ்டீராய்டு அதை மறைத்துப் பரப்பவும் செய்யும். இவற்றுக்கெல்லாம் மேலாக, இத்தகைய களிம்புகளில் சேர்க்கப்படும் நியோமைசின், புண்களுக்குத் தடவும் மஞ்சள் நிற நைட்ரோஃபுரசோன் ஆகியவை தாமே பெயர்பெற்ற ஒவ்வாமைப் பொருட்கள். ஆற்றுவதற்காகப் பூசும் மருந்தே புண்ணை ஆறவிடாமல் வைத்திருக்கும் நிலையைத் தோல் நோய்ப் பிரிவுகளில் அடிக்கடி காண்கிறோம். எனவே மருத்துவரிடம் போகும்போது தீர்ந்துபோன குழாயாக இருந்தாலும் நீங்கள் போட்ட களிம்புகள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள்.

பத்துப் பதினைந்து நாள் கையைச் சுத்தமாக வைத்திருக்கும் ஊசி, பெரும்பாலும் உடலில் மெல்ல மெல்லக் கரையும் ஸ்டீராய்டாகவே இருக்கும். அவசரத்துக்கு ஒரு முறை போடுவதில் பெரிய தீங்கில்லை. திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு வலுவிழக்கும், உடல் தானே சுரக்க வேண்டிய ஸ்டீராய்டு குறைந்துவிடும். இனி அந்த ஊசி வேண்டாம். இதுவரை எத்தனை முறை போட்டீர்கள், கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ரத்தப் பரிசோதனைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். அலர்ஜி பேனல் என்ற பெயரில் எடுக்கப்படும் ரத்தப் பரிசோதனைகள் ஐஜிஇ என்னும் எதிர்ப்புப் புரதத்தை அளப்பவை. உடனடியாக வரும் ஒவ்வாமைக்கு அவை ஓரளவு உதவும். உங்களுடையது வெள்ளையணுக்கள் வழியாகத் தாமதமாக வரும் ஒவ்வாமை. அதை அந்தப் பரிசோதனை காட்டாது. காட்டாததோடு, கத்தரிக்காய்க்கு இவ்வளவு, பாலுக்கு இவ்வளவு என்று ஒரு பட்டியலைக் கையில் கொடுத்துவிடும். அதை நம்பி, குறைந்த வருமானத்தில் சாப்பிடும் குடும்பங்கள் சத்தான உணவை வீணாக விலக்கிவிடுகின்றன. உங்களுக்கு வேண்டியது பேட்ச் டெஸ்ட் எனப்படும் ஒட்டுச் சோதனை. 1895-ஆம் ஆண்டில் யோசெஃப் யாடாசோன் என்ற ஜெர்மானியத் தோல் மருத்துவர் விளக்கிக் காட்டிய முறை இது. இன்றுவரை இதைவிட நம்பத்தக்க வழி வேறில்லை.

அதைச் செய்யும் விதத்தை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் அச்சம் குறையும். ஒவ்வாமை தரக்கூடிய பொருட்களைப் பாதுகாப்பான அளவில் கலந்து, சிறு தட்டுகள் போன்ற வில்லைகளில் வைத்து, பிளாஸ்டர் கொண்டு முதுகின் மேற்பகுதியில் ஒட்டுவார்கள். ஊசி இல்லை, வலி இல்லை. திங்கட்கிழமை ஒட்டினால் புதன்கிழமை, அதாவது 48 மணி நேரத்துக்குப் பிறகு, எடுத்துப் பார்ப்பார்கள். வெள்ளிக்கிழமை மறுபடியும் பார்ப்பார்கள். சில பொருட்களுக்கு அடுத்த திங்கட்கிழமையும் பார்க்க வேண்டியிருக்கும். வெறும் உறுத்தலால் வந்த சிவப்பு இந்த இடைவெளியில் மங்கிவிடும். ஒவ்வாமையால் வந்த சிவப்பு நாள் செல்லச் செல்லத் தடித்துச் சிறு கொப்புளங்களாக எழும். இரண்டாவது முறை பார்ப்பது அதனால்தான் மிக முக்கியம்; பிளாஸ்டரை எடுத்த நாளோடு வேலை முடிந்துவிட்டது என்று திரும்பிவிடாதீர்கள். இந்தியாவுக்கென வகுக்கப்பட்ட அடிப்படைத் தொகுப்பில் பார்த்தீனியம், நிக்கல், சிமெண்டில் உள்ள குரோமியம், தலைச்சாயத்தில் உள்ள வேதிப்பொருள், வாசனைக் கலவை, ரப்பரில் சேர்க்கும் பொருட்கள், நியோமைசின், நைட்ரோஃபுரசோன் எல்லாம் இருக்கின்றன. நீங்கள் கட்டும் செவ்வந்தி, மரிக்கொழுந்து ஆகியவற்றின் இலையும் பூவும் கொஞ்சம் எடுத்துச் சென்று கொடுத்தால், தேவைப்படுமிடத்து மருத்துவர் அவற்றையும் தம் பார்வையில் சோதிப்பார். வீட்டில் நீங்களே எதையும் தோலில் வைத்துக் கட்டிப் பார்க்க வேண்டாம்; குறிப்பாகப் பச்சைப் பூண்டை நசுக்கிக் கட்டினால் தீக்காயம் போலவே தோல் வெந்துவிடும்.

சோதனை நடக்கும் வாரம் முழுவதும் முதுகு நனையக் கூடாது. எண்ணெய்க் குளியல், வியர்க்கும் வேலை, வெயில் எல்லாவற்றையும் தவிர்க்க வேண்டும். மதுரை வெயிலில் சித்திரை வைகாசியில் ஒட்டிய பிளாஸ்டர் வியர்வையில் கழன்றுவிடும் என்பதால், முகூர்த்தம் இல்லாத மார்கழி மாதம் உங்கள் தொழிலுக்கும் சோதனைக்கும் ஒத்துவரும் காலம் என்று நினைக்கிறேன். ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொண்ட சில வாரங்களுக்குள் சோதித்தால் உண்மையான ஒவ்வாமையும் தெரியாமல் போகலாம். கர்ப்பமாக இருப்பவர்களுக்கு இதைத் தள்ளிவைப்பது வழக்கம். அரிப்புக்குச் சாப்பிடும் செட்ரிசின் போன்ற மாத்திரைகள் இந்தச் சோதனையைப் பெரிதாகக் கெடுப்பதில்லை. மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்கு முதலில் சென்று கையைக் காட்டுங்கள். ஒட்டுச் சோதனைக்கு எந்த நாளில் வர வேண்டும் என்று அங்கேயே கேட்டுக்கொண்டு, அதற்கேற்ப வேலையை ஒழுங்குசெய்துகொள்ளலாம். ஒரே வாரத்தில் மூன்று முறை பேருந்து ஏறி வருவது உங்களுக்கு எளிதல்ல என்பது தெரியும். மூன்று ஆண்டுகளாகக் களிம்புக்கும் ஊசிக்கும் கொடுத்த பணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, அந்த ஒரு வாரத்தை எப்படியாவது ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இனிச் சிகிச்சை. நீர் வடியும் நிலையில் இருக்கும்போது களிம்பு நிற்காது. பொட்டாசியம் பெர்மாங்கனேட் படிகத்தில் ஓரிரண்டை வாளித் தண்ணீரில் முழுவதும் கரைத்து, தண்ணீர் வெளிர் இளஞ்சிவப்பாக இருக்கும்படி பார்த்துக்கொண்டு, அதில் பத்து நிமிடம் கையை வைத்து எடுத்து ஒற்றித் துடைக்க வேண்டும். கரையாத படிகம் தோலைப் புண்ணாக்கிவிடும். நிறம் அடர்ந்திருந்தாலும் ஆகாது. வடிவது நின்றதும் இதையும் நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் தோல் மேலும் காயும். அதன்பின் மருத்துவர் உள்ளங்கைக்கும் விரலுக்கும் ஏற்ற வீரியமுள்ள, வேறெதுவும் கலக்காத ஸ்டீராய்டு களிம்பைத் தருவார். ஸ்டீராய்டைக் குறை சொல்லிவிட்டு அதையே தருகிறார்களே என்று நினைக்க வேண்டாம். குறிப்பிட்ட வாரங்களுக்கு, குறிப்பிட்ட அளவில், பிறகு வாரம் இரண்டு நாளாகக் குறைத்து நிறுத்தும்போது அது நல்ல மருந்து. குழாயிலிருந்து பிதுக்கும் களிம்பு உங்கள் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை நீண்டால் அது ஏறத்தாழ அரை கிராம். ஒரு கையின் இரு பக்கத்துக்கும் விரல்களுக்கும் அது போதும். நெடுநாள் தேவைப்படுகிறவர்களுக்கு ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் களிம்பு இருக்கிறது. இவற்றுக்கும் அடங்காதவர்களுக்குப் புற ஊதா ஒளிக்கதிர் சிகிச்சையும், ரத்தப் பரிசோதனைகளோடு தரப்படும் வீரியமான மாத்திரைகளும் உண்டு. உங்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிராது என்று நம்புகிறேன்.

மருந்தைவிட அதிக காலம் நீங்கள் பூச வேண்டியது வாசனை சேர்க்காத பெட்ரோலியம் ஜெல்லி. ஒவ்வொரு முறை கை கழுவியதும், ஈரம் இலேசாக இருக்கும்போதே, விரல் இடுக்கு வரை தடவுங்கள். இரவில் சற்று அதிகமாகத் தடவிப் பழைய பருத்தித் துணியைச் சுற்றிக்கொண்டு படுங்கள். சுத்தமான தேங்காய் எண்ணெயும் நல்லதே. கண்ணுக்கு ஆறியது போலத் தெரிந்த பிறகும் தோலின் மேலடுக்கு பழைய வலுவைப் பெறப் பல வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். அதற்குள் நிறுத்திவிடுவதும் நோய் திரும்புவதற்கு ஒரு காரணம். உப்புப் போட்ட வெந்நீர் அந்த நேரத்துக்குச் சுகமாக இருக்கும்; ஆனால் தோலின் எண்ணெய்ப் பசையை அது கரைத்துக்கொண்டு போய்விடும், வெடிப்பு கூடும். மஞ்சளும் சிலருக்கு ஒவ்வாமை உண்டாக்கும் பொருள்தான்; வெடித்த தோலில் மஞ்சள், வேப்பிலை, எலுமிச்சை, வெட்டுக்காயப் பூண்டுச் சாறு எதையும் பூசாதீர்கள்.

வேலையைப் பற்றி இனிச் சொல்கிறேன். சோதனை முடிவு வரும் வரை செவ்வந்தி, செண்டுப்பூ, மரிக்கொழுந்து ஆகியவற்றை முழுவதுமாக ஒதுக்கிவிட்டு, மல்லிகை, முல்லை, கனகாம்பரம் மட்டும் கட்டுங்கள். ஒரு நாள், இரண்டு நாள் ஒதுக்கிவிட்டுப் பலன் இல்லை என்று முடிவுக்கு வரக் கூடாது. ஆறு வாரமாவது வேண்டும். பூவை ஒதுக்கினால் மட்டும் போதாது, அது பட்ட பொருட்களும் உண்டு: செவ்வந்திக் காம்பு நறுக்கிய கத்தரி, பூவை மூடி வைத்த ஈரத்துணி, கூடை, உட்காரும் பாய், நார் ஊறிய தண்ணீர். இவற்றைக் கழுவி, மல்லிகைக்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நனைத்த நாருக்குப் பதில் நூல் பயன்படுத்த முடிந்தால் விரல் காய்ந்திருக்கும். அடுத்தவர் செவ்வந்தி கட்டும்போது காற்று வரும் பக்கமாகத் தள்ளி உட்காருங்கள். ஒரு நாளேட்டின் ஓரத்திலோ காலண்டர் தாளிலோ அன்றன்று கட்டிய பூவின் பெயரையும், கை அரித்ததா இல்லையா என்பதையும் குறித்து வாருங்கள். அரித்த நாளிலிருந்து மூன்று நாள் பின்னோக்கிப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும், மருத்துவருக்கும் அது பெரிய உதவி.

உறை போட்டுக்கொண்டு பூக்கட்ட முடியாது, முடிச்சு விழாது. அதை வற்புறுத்துவதில் பயனில்லை. வெறும் துணி உறை ஈரத்தையும் சாற்றையும் உறிஞ்சித் தோலோடு ஒட்டி வைத்துக்கொள்ளுமாதலால் அது இன்னும் கெடுதல். ஆனால் பாத்திரம் கழுவும்போதும் துணி துவைக்கும்போதும், உள்ளே மெல்லிய பருத்தி உறை, மேலே வினைல் அல்லது நைட்ரைல் உறை போட்டுக்கொள்ளலாம், கால் மணி, இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சாதாரண ரப்பர் உறையில் சேர்க்கும் வேதிப்பொருட்களே சிலருக்கு ஒவ்வாமை தருவதால், சோதனைக்கு முன் அதைத் தவிர்ப்பது நல்லது. பூண்டின் சாற்றுப் பொருள் பலவகை உறைகளையும் ஊடுருவிவிடும். பூண்டு உரிக்கும் வேலையைச் சில மாதங்களுக்கு வீட்டில் வேறொருவர் ஏற்றுக்கொள்ளட்டும். மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். அதன் அடியில் சோப்பு தங்கி அந்த இடம் ஆறாமல் நிற்கும்.

சோதனையில் செவ்வந்திக் குடும்பத்துக்கு ஒவ்வாமை என்று தெரிந்தால், அந்தச் சீட்டையே வியாபாரியிடம் காட்டிப் பேசுங்கள். கட்டும் கைகள் கிடைக்காமல் அவர்களும் தவிக்கிறார்கள். மல்லிகைப் பந்தை உங்களுக்கும் செவ்வந்தியை வேறொருவருக்கும் பிரித்துக் கொடுப்பது அவர்களுக்கு இயலாத காரியம் அல்ல. மல்லிகைக்கே ஒவ்வாமை என்று வந்தால் மட்டும்தான் தொழிலை மாற்றுவதைப் பற்றி நாம் யோசிக்க வேண்டியிருக்கும்.

உணவைப் பொறுத்தவரை கத்தரிக்காய், கருவாடு எல்லாவற்றையும் மறுபடி சாப்பிடலாம். கரப்பான் பண்டம் என்று பெரியவர்கள் விலக்கி வைத்தவற்றை நிறுத்திய பிறகும் உங்கள் கை ஆறவில்லை என்பதே போதுமான சான்று. சமைத்த பூண்டு வயிற்றுக்குள் போவதாலும் பெரும்பாலோருக்கு இந்த நோய் கூடுவதில்லை.

உங்கள் கையிலிருந்து இது யாருக்கும் ஒட்டாது. இது கிருமியால் வரும் நோய் அல்ல. உங்கள் உடலின் எதிர்வினை. பூ வாங்குகிறவர்களுக்கும் வீட்டில் உள்ளவர்களுக்கும் இதைத் தயங்காமல் சொல்லலாம், மருத்துவர் சொன்னார் என்றே சொல்லுங்கள். ஆனால் வீட்டில் மற்றவர்களுக்கும் இரவில் அரிப்பு இருந்தால், விரல் இடுக்குகளில் பொரிப்பொரியாக இருந்தால், அது சிரங்காக இருக்கலாம். ஒரு கையில் மட்டும் செதில் உதிர்ந்து, கால்களிலும் அப்படியே இருந்தால் பூஞ்சையாக இருக்கலாம். அவை ஒட்டக் கூடியவை, மருத்துவமும் வேறு. சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, கை மேல்நோக்கிச் சிவந்து அக்குளில் நெறி கட்டினாலோ, வலிக்கும் கொப்புளங்கள் கொத்தாக வந்தாலோ, முகம் முழுவதும் வீங்கினாலோ ஒட்டுச் சோதனைக்காகக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உங்கள் மகளுக்கு உங்களிடமிருந்து இது தொற்றாது. அவள் குழந்தையாக இருந்தபோது முழங்கை, முழங்கால் மடிப்புகளில் கரப்பான் இருந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். இருந்திருந்தால் ஈரவேலையில் அவளுடைய கை எளிதில் கெடும், பூக்கட்டுவது அவளுக்கு நெடுநாள் தொழிலாக வேண்டாம் என்றே சொல்வேன். அப்படி எதுவும் இல்லையென்றால் தாராளமாகக் கட்டலாம். வேலை முடிந்ததும் சாதாரணத் தண்ணீரில் கையைக் கழுவித் துடைத்து எண்ணெயோ ஜெல்லியோ தடவிக்கொள்ளும் பழக்கத்தை, கை நன்றாக இருக்கும் இப்போதே, அவளுக்கு ஏற்படுத்துங்கள். மாலைகளை அவள் கட்டி வைத்த பிறகு, செவ்வந்தி இதழும் காம்பும் உதிர்ந்து கிடக்கும் இடத்தைப் பெருக்குவதும் அவளுடைய வேலையாக இருக்கட்டும்.